நாற்காலி போட்டுப் பிடித்த இடம்

பிட்ஸ்பர்க்காரர்களிடம் ஒரு சினிமா நடிகரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். படம் நன்றாக இருந்ததா, நடிப்பு எப்படி என்றெல்லாம் பேச மாட்டார்கள். "அவன் நம்ம ஊர்க்காரன், தெரியுமில்ல?" என்பார்கள். பாடகி, பந்தாட்டக்காரன், விண்வெளிக்குப் போகப் பயிற்சி எடுத்துவிட்டுப் போகாமலே திரும்பியவன், யாராக இருந்தாலும் இங்கே பிறந்திருந்தால் போதும், அவர் சொந்தக்காரர். தொட்டிலோடு தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருந்தாலும் சொந்தம் விட்டுப்போகாது. ஆலைகளில் உலை எரிந்த காலத்தில் இந்த ஊர் இரும்பை வெளியே அனுப்பியது. ஆலைகள் மூடிய பிறகு பிள்ளைகளை அனுப்புகிறது. போனவர்களில் பெயர் வாங்கியவர்கள் யார் யார் என்று சொல்லிச் சொல்லி மகிழ்வதுதான் இருப்பவர்களுக்கு மிஞ்சியது.

தெற்குச் சரிவில், பார்னெட் தெரு முனையில் இருக்கும் பெர்னியின் பாரில் இதற்கென்றே ஒரு சுவர் உண்டு. பெர்னடெட் ஷிம்கோ என்பது முழுப்பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். நகர எல்லைக்குள் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். ஆற்றுக்கு அப்பால் பிறந்துவிட்டு "பிட்ஸ்பர்க்" என்று பேட்டி கொடுக்கிறவர்களைப் பெர்னி கிட்டவே சேர்ப்பதில்லை. பாலத்தின் நடுவில், ஆம்புலன்சிலேயே பிறந்துவிட்ட ஒரு கிடார்க்காரரை எங்கே வைப்பது என்று ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை நடந்தது. கடைசியில் கழிவறைக்குப் போகிற வழியில் மாட்டினார்கள்.

இந்த மாதிரி வழக்குகளில் சாட்சி சொல்கிறவர் எமில் குபாலா. எழுபத்தைந்தைத் தாண்டிய மனிதர். உருக்காலை மூடும்வரை உலைக்கு முன்னால் நின்றார். மூடியதும் ஓர் ஆஸ்பத்திரியில் கொதிகலன் பார்த்தார். பிறந்த தெருவிலேயே மணந்து, அதே தெருவிலிருந்தே மனைவி ஆக்னஸை அடக்கத்துக்கு வழியனுப்பியவர். யார் எந்த வீட்டில் பிறந்தார்கள், அன்றைக்குப் பனியா வெயிலா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இங்கேயே பிறந்து இங்கேயே இருந்துவிட்டவர்களுக்கு ஒரு சுவர் கிடையாது என்பதை அவர் ஒருநாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

லூ பெட்ரக்கா என்று ஒரு கூட்டாளி. அவருடைய வாய்க்கு மட்டும் ஓய்வூதியம் கிடைக்கவில்லை, இன்னும் வேலை பார்க்கிறது. ஒருநாள் சுவரைக் காட்டிச் சொன்னார்: "டேய் எமில், உன் டெனிஸ் படத்தையும் இங்க மாட்டிடலாமே. இங்க பொறந்தான், வேற ஊர்ல இருக்கான், நம்மளத் திரும்பிப் பாக்கறதில்ல. பேர் வாங்கறது ஒண்ணுதான் பாக்கி."

எல்லோரும் சிரித்தார்கள். எமிலும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் வலித்தது தெரிந்துவிடும்.

டெனிஸ் ஒரே மகன். சார்லட் நகரத்தில் வங்கி வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். காரில் புறப்பட்டால் ஒரு பகல் தூரம். ஆக்னஸின் அடக்கத்துக்கு விமானத்தில் வந்து விமானத்தில் போனான். போகும்போது, கோட்டைப் போட்டுக்கொண்டே, "அடுத்த பனிக்காலத்துல பசங்களக் கூட்டிக்கிட்டு கார்லயே வரேன்ப்பா. சரிவுல சறுக்கி வெளையாடணும்னு கேட்டுட்டே இருக்காங்க," என்றான். வாசலில் நெருக்கியடித்து நிற்கும் கார்களைப் பார்த்துவிட்டு, "ஆனா நிறுத்த எடம் கெடைக்குமா இங்க?" என்றும் கேட்டான்.

அந்தக் கேள்வியை எமில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மகன் வராததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை, நிறுத்த இடம்தான் குறை என்று அவர் மனம் முடிவு கட்டிக்கொண்டது. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

பார்னெட் தெருவில் இடம் பிடிப்பதற்கு வழி ஒன்றுதான். பனி கொட்டி ஓய்ந்ததும் வாசலுக்கு முன்னால் ஒரு கார் நிற்கும் அளவுக்கு வெட்டி ஒதுக்கவேண்டும். பிறகு வீட்டிலிருந்து ஒரு பழைய நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டால் அந்த இடம் வெட்டியவருக்குச் சொந்தம். நம் ஊர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது போலத்தான். ஆனால் துண்டை எடுத்து எறிந்துவிட்டு உட்காருகிற ஆள் நம்மிடையே உண்டு. இங்கே நாற்காலியைத் தொடுகிற ஆள் இல்லை. சட்டத்தில் இதற்கு இடமே கிடையாது. ஆனாலும் தெருவில் குடியிருக்கும் போலீஸ்காரர் வீட்டு முன்னாலேயே நாற்காலி போட்டிருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. கார் இல்லாதவன் நாற்காலி போடக் கூடாது. கண்ணில் புரை வந்ததும் எமில் காரை விற்றுவிட்டார். அப்படியும் ஒவ்வொரு பனிக்கும் வெட்டினார், சமையலறை மேஜையின் நான்கு நாற்காலிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். தெரு முணுமுணுத்தது, பிறகு விட்டுவிட்டது. "டெனிஸ் எடம்" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இலவு காத்த கிளி என்று நாமாக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்போம். அவர்கள் சொல்லவில்லை. லூகூட அந்த விஷயத்தில் வாயைத் திறந்ததில்லை.

எதிர்வீட்டு இவெட் கிரேசன் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். காலையில் அவள் திரும்பும் நேரத்தில் தெருவில் காரை விட ஓர் அங்குலம்கூட இருக்காது. மலையடிவாரத்தில் காரை விட்டுவிட்டு, பனி படிந்த படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவாள். காலியாக இருக்கும் டெனிஸ் இடத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போகவேண்டும். எமிலுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் நாற்காலியை எடுக்கவில்லை. தனிமை மனிதனைப் பக்குவப்படுத்தும் என்பதெல்லாம் கதை. கஞ்சனாகவும் ஆக்கும்.

"மிஸ்டர் எமில், இந்த வயசுல மண்வாரியத் தூக்கிட்டு நிக்கறீங்களே. இடுப்பு ஒடிஞ்சா என் வார்டுக்குத்தான் வரணும்," என்பாள் அவள்.

"வந்தா நல்லாப் பாத்துக்குவியா?"

"இருக்கறதுலயே பெரிய ஊசியா எடுத்துப் போடுவேன்."

பல நாட்களில் அவர் கேட்கும் மனிதக்குரல் அதோடு சரி.

இந்தக் குளிர்காலத்தில் டெனிஸ் கொஞ்சம் இறங்கி வந்திருந்தான். "பிப்ரவரியில முயற்சி பண்றேன்ப்பா," என்றான். வழக்கமான "பாக்கலாம்" என்பதைவிட இது பெரிய வார்த்தை. எமில் அதைப் பெர்னியிடம் சொன்னார், இவெட்டிடம் சொன்னார், கறிக்கடைக்காரரிடம் சொல்லிப் புகைபோட்ட சாசேஜ் வாங்கி உறைபெட்டியில் வைத்தார். இந்த முறையும் அவன் வராவிட்டால் இனி என்றைக்கும் வரமாட்டான் என்று அவருக்கு உள்ளுக்குள் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் பிப்ரவரியின் ஒவ்வொரு நாளையும் பயந்து பயந்துதான் கழித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பெரும் பனி. மாலையில் ஓய்ந்ததும் எமில் வெட்டினார். மூச்சு வாங்க, நின்று நின்று வெட்டி, ஓரங்களைத் துடைப்பத்தால் பெருக்கி, நாற்காலியை வைத்துவிட்டுப் படுத்தார். காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

சனிக்கிழமை காலை திரைச்சீலையை விலக்கினார். இடத்தில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது.

பெரிய கறுப்புக் கார். இரவில் பெய்த மெல்லிய பனி அதன்மேல் மாவு சலித்தது போல் படிந்திருந்தது. நாற்காலி வீட்டுப்படியில், ஒழுங்காக, சுவர் பக்கம் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. அன்னியன் என்றால் அதைப் பனிக்குவியலில் தூக்கி வீசியிருப்பான். இது இந்த வீட்டுப் பிள்ளை செய்கிற காரியம் என்று எமில் நினைத்தார். வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினார். கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்தார், உள்ளே யாரும் இல்லை. எண்பலகையைப் பனி மூடியிருந்தது. அதையும் துடைத்து எந்த மாநிலம் என்று பார்த்திருக்கலாம். அவர் துடைக்கவில்லை.

ராத்திரியே வந்திருக்கிறான், கதவைத் தட்டியிருக்கிறான், இந்தச் செவிடனுக்குக் கேட்கவில்லை. பிள்ளைகளோடு எங்கேயோ ஓட்டலில் போய்ப் படுத்திருக்கிறான். எமில் தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே சிரித்தார். அடுப்பைப் பற்றவைத்தார், சாசேஜை வறுத்தார். முட்டைக்கோசையும் பட்டை நூடுல்ஸையும் வெண்ணெயில் வதக்கி ஹலுஷ்கி செய்தார். காலை வேளையில் யாரும் அதைத் தின்ன மாட்டார்கள்தான். டெனிஸுக்குச் சின்ன வயதில் அது மூன்று வேளையும் பிடிக்கும். படியிலிருந்த நாற்காலியைத் துடைத்து உள்ளே கொண்டுவந்து மேஜையில் சேர்த்தார். டெனிஸ், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். நான்கு நாற்காலியும் சரியாகப் போனது. தான் நின்றபடியே பரிமாறலாம்.

படியேறி வந்த இவெட் காரைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"மிஸ்டர் எமில், டெனிஸ் வந்துட்டாரா?"

"வந்துட்டான்," என்றார் எமில். ஜன்னலைத் திறந்து குளிரில் தலையை நீட்டிக்கொண்டு சொன்னார். "தட்டியிருக்கான், எனக்குத்தான் கேக்கல."

இரவெல்லாம் நின்று களைத்த பெண் நடுத்தெருவில் கைதட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. இந்த முறை காதுக்கருவி இருந்தது. எமில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு திறந்தார்.

வாசலில் நின்றவர் அறுபதைத் தாண்டியவர். தலைமுடி மட்டும் நாற்பதோடு நின்றுவிட்டிருந்தது. எங்கேயோ பார்த்த முகம். எங்கேயோ என்ன, பெர்னியின் சுவரில் நடுவில் மாட்டியிருக்கும் முகம். போலீஸ் அதிகாரியாக நடித்து நடித்தே பெயர் வாங்கிய நிக் டாரன்.

"மிஸ்டர் குபாலா, என்னத் தெரியுதா? நிக்கி. தெரு மேல்கோடி வீட்டு தெல்மாவோட தம்பி."

எமில் அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தார். படியில் யாரும் இல்லை, தெருவிலும் யாரும் இல்லை.

"அது உன் காரா?" என்று கேட்டார்.

"வாடகைக்கு எடுத்தது. ஏர்போர்ட்ல சின்னதாக் கேட்டேன், யானையக் குடுத்துட்டான்." நிக்கி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தெல்மா வீட்டக் காலி பண்ண வந்தேன். அவ போனப்ப வரமுடியல, வெளிநாட்டுல படப்பிடிப்பு. நேத்து இருட்டினப்புறம் வந்து சேந்தேன். தெரு பூரா ஒரு எடமில்ல. சரி, நமக்கு இங்க என்ன இருக்கு, ஓட்டலுக்கே திரும்பிடலாம்னு வண்டியத் திருப்பிட்டேன். அப்பதான் நாற்காலியப் பாத்தேன்."

எமில் படியில் நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார்.

"வரேன்னு பெர்னிக்கு மட்டும் போன் பண்ணியிருந்தேன், சாவிக்காக. அவ உங்ககிட்ட சொல்லியிருக்கணும். நீங்க கார வித்துட்டீங்கன்னு தெல்மா சொல்லியிருந்தா, அப்ப நாற்காலி வேற யாருக்கு? நீங்க எனக்காக வெட்டிப் பெருக்கி எடம் பிடிச்சு வெச்சிருக்கீங்க. இல்லன்னா நாற்காலியத் தொடுவனா நான்? சின்ன வயசுல ஒருதடவ தொட்டுட்டு எங்கப்பா கையால அடி வாங்கினவன்." அவருடைய குரல் கம்மியது, அது நடிப்பில்லை. "எங்கெங்கயோ எனக்குக் கதவு தெறந்து விட்டிருக்காங்க, மிஸ்டர் குபாலா. அது அவங்க வேல, சம்பளம் வாங்கறாங்க. எனக்காக ஒருத்தர் இடுப்பு நோகப் பனி வெட்டினதில்ல. கார்லயே உக்காந்து அழுதேன். தெல்மா செத்த சேதி வந்தப்பக்கூட அப்படி அழல."

'அது உனக்கு இல்லடா' என்பது எமிலின் தொண்டைவரை வந்துவிட்டது. கோபமும் வந்தது. எத்தனை ஊர் இவனைக் கொண்டாடுகிறது, என் வாசலில் இருப்பதையும் இவனே எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று இருந்தது. ஆனால் நம்மை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார் என்று நம்புவது எப்படி இருக்கும் என்பது அந்தக் காலையில் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கை உடையும்போது எப்படி இருக்கும் என்பதும் இப்போது, இதே வாசற்படியில், தெரிந்துவிட்டது. அதை இன்னொருவனுக்குச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

"உள்ள வா. ஆறுது," என்றார்.

நிக்கி சமையலறைக்குள் வந்து மேஜையைப் பார்த்தார். "இத்தன தட்டு போட்டிருக்கீங்க. வேற யாராவது வராங்களா?"

"இல்ல. நீ மட்டுந்தான்."

நிக்கி இரண்டு தட்டு ஹலுஷ்கி சாப்பிட்டார். வாயை மூடாமல் பேசினார். எமிலுக்கு வாய் முழுக்க மணல் போட்டது போலிருந்தது, காப்பியை மட்டும் குடித்தார். மூன்று விவாகரத்து, கடற்கரையில் பெரிய வீடு, அதில் பேச்சுத்துணைக்கு ஒரு நாய் என்று நிக்கி சொல்லிக்கொண்டே போனார். புகழ் பெற்றவனின் குறைகளைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கும் என்பார்கள், எமிலுக்கு இருக்கவில்லை. இவனும் நம்மைப் போலத்தானா என்று இன்னும் சோர்வாக இருந்தது.

"வீட்ட வித்துடலாம்னுதான் வந்தேன். இப்ப யோசனையா இருக்கு," என்றார் நிக்கி. பிறகு, "ஆமா, டெனிஸ் எப்படி இருக்கான்? வந்து போறானா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கான்," என்றார் எமில். "வருவான்."

மதியம் எமில் பெர்னியின் பாருக்குப் போனபோது அங்கே பஞ்சாயத்தே கூடியிருந்தது. வெறும் வாயை மெல்லுகிற லூவுக்கு அவல் கிடைத்திருந்தது. நடுச்சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. நிக் டாரனின் படம் பார் மேஜையில் குப்புறக் கிடந்தது.

"நாற்காலிய எடுத்தவன் நம்ம ஊர்க்காரன் இல்ல," என்றார் லூ. "இங்க பொறந்தா மட்டும் போதுமா? நாய்கூடத்தான் இங்க பொறக்குது."

"அதுவும் யாரோட நாற்காலி," என்றாள் பெர்னி. அவளுக்கு உண்மையாகவே கண் சிவந்திருந்தது. "எமில், நான் இப்பவே போய் அவன் மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்த கேக்கறேன். சாவி குடுத்ததே தப்பு."

எமில் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அவன் எடுக்கல. நான்தான் அவனுக்குப் போட்டு வெச்சேன்."

"என்னது?" என்றார் லூ. "மூணு வருஷமா டெனிஸுக்குன்னுதானடா..."

"இந்தத் தடவ நிக்கிக்கு. தெல்மா தம்பி, தனியா வரான், எடத்துக்குத் திண்டாடக் கூடாதுன்னு வெச்சேன். உன்னக் கேட்டுட்டுத்தான் வெக்கணுமா?"

அது பொய் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். லூ தன் கோப்பைக்குள் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டார். பெர்னி படத்தை எடுத்து, முந்தானை இல்லாத ஊர் என்பதால் சட்டைக்கையால் துடைத்து, பழைய இடத்தில் மாட்டினாள். மாட்டிவிட்டு எமிலுக்கு ஒரு பியர் வைத்தாள். அவரை நிமிர்ந்து பார்க்காமல் வைத்தாள்.

சாயங்காலம் நிக்கியே வந்தார். எல்லோருடனும் படம் எடுத்துக்கொண்டார், தன் படத்துக்குக் கீழே நின்று ஒன்று, எமிலின் தோளில் கைபோட்டு ஒன்று. "எங்க தெரு நிக் டாரனுக்கு எடம் பிடிச்சு வெச்சது" என்று எழுதிப் பெர்னி அதை இணையத்தில் ஏற்றினாள். மறுநாள் நிக்கி போய்விட்டார். போகும்போது காரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, "அடுத்த பனிக்கும் போட்டு வைங்க," என்று சொல்லிச் சிரித்தார். எமில் கையை ஆட்டினார்.

அன்று பிற்பகல் தொலைபேசி அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எமில்தான் கூப்பிடுவது வழக்கம். இது டெனிஸ், அவனாகவே கூப்பிட்டிருந்தான்.

"அப்பா, நிக் டாரன் நம்ம வீட்ல சாப்பிட்டாராமே? பெர்னி போட்ட படத்தப் பாத்தேன். பசங்க நம்பவே மாட்டேங்கறாங்க. எங்க மேனேஜருக்குக்கூட அனுப்பிட்டேன்."

"ஹலுஷ்கி சாப்பிட்டான்."

"அவருக்கு எடம் பிடிச்சு வேற வெச்சீங்களாமே. பெரிய ஆளுதான்ப்பா நீங்க."

மகன் இவ்வளவு உற்சாகமாகப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. அதை அப்படியே நீட்டித்திருக்கலாம். பாரில் சொன்ன பொய்யையே இங்கேயும் சொல்லியிருக்கலாம். எமிலால் முடியவில்லை.

"அது உனக்குப் போட்டது, டெனிஸ்."

"எனக்கா? எதுக்குப்பா?"

"நிறுத்த எடம் கெடைக்குமான்னு கேட்டியே. அம்மா அடக்கத்துக்கு வந்துட்டுப் போறப்ப."

"அப்படியா கேட்டேன்?" என்றான் டெனிஸ். அவனுக்கு உண்மையாகவே நினைவில்லை. "சும்மா கேட்டிருப்பேன்ப்பா."

"அன்னிலேர்ந்து ஒவ்வொரு பனிக்கும் வெட்டி நாற்காலி போடறேன்."

மறுமுனையில் பின்னால் தொலைக்காட்சியும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன. "ஐயோ அப்பா," என்றான் டெனிஸ், "யாரு உங்கள வெட்டச் சொன்னா? நெஞ்ச அடச்சுதுன்னா என்ன பண்ணுவீங்க?"

"பிப்ரவரியில வரேன்னு சொன்ன."

"முயற்சி பண்றேன்னு சொன்னேன். பெரியவனுக்கு கூடைப்பந்து இருக்கு, அவங்க அம்மா வீட்ல ஒரு விசேஷம். வெயில் காலத்துல பாக்கலாம்ப்பா."

எமில் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார். அடுத்ததாகச் சொன்னதை அவர் பாதி மிரட்டலாகத்தான் சொன்னார். "வர்றதா இல்லன்னா இப்பவே சொல்லிடு. எதிர்வீட்டுப் பொண்ணு ராத்திரியெல்லாம் வேல பாத்துட்டு மலப்படி ஏறி வருது. எடத்த அவளுக்குக் குடுத்துடறேன்."

'வேணாம்ப்பா, இருக்கட்டும்' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். வராவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்சம் தயங்கினால்கூட அவருக்குப் போதும்.

"குடுத்துடுங்கப்பா," என்றான் டெனிஸ். உடனே சொன்னான். கையிலிருந்த சுமையை யாரோ வாங்கிக்கொண்டது போல் அவன் குரல் லேசாகியிருந்தது. "அதான் நல்லது. இனிமே நீங்க பனியும் வெட்ட வேணாம்."

பிறகு நிக் டாரனிடம் ஒரு கையெழுத்து வாங்கித் தர முடியுமா என்று கேட்டான்.

திங்கட்கிழமை காலை. ஞாயிறு இரவிலும் லேசாகப் பெய்திருந்தது. இவெட் படியேறி வந்தபோது எமில் மண்வாரியோடு வாசலில் நின்றார். இடம் சுத்தமாக இருந்தது. நாற்காலி இல்லை. அவள் சனிக்கிழமை கைதட்டியதை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தாள். நடந்ததெல்லாம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"இவெட், கீழ போய் உன் கார எடுத்துட்டு வா. இங்க விடு," என்றார் எமில்.

"வேணாம் மிஸ்டர் எமில். அது டெனிஸ் எடம்."

"டெனிஸ் வரமாட்டான்."

அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இவெட் அவரைப் பார்த்தாள். அப்படியெல்லாம் சொல்லாதீங்க, ஒருநாள் வருவார் என்று சொல்லவில்லை. அவள் நர்ஸ், எந்த நேரத்தில் அதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்தவள். பையைப் படியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

அவள் காரைப் பின்னால் எடுத்து நுழைக்கும்போது எமில் ஓரத்தில் நின்று கைகாட்டினார். "வா, வா, இன்னும் வா. போதும்." அவள் இறங்கிக் கதவைப் பூட்டினாள். அவருடைய கையைத் தொட்டுப் பார்த்து, "ஐஸ் மாதிரி இருக்கு. உள்ள போங்க, சூடா எதாவது குடிங்க," என்றாள்.

"நீயும் வாயேன், காப்பி போடறேன்," என்றார் எமில்.

"இன்னொரு நாளைக்கு, மிஸ்டர் எமில். கண்ணு சொக்குது," என்று சொல்லிவிட்டு அவள் எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது அவளுடைய தப்பு இல்லை. இரவு முழுக்க நின்றவள்.

எமில் உள்ளே போய் ஜன்னலருகே நின்றார். இனிமேல் பனி பெய்த காலைகளில் திரைச்சீலையை விலக்கினால் வாசலில் ஒரு கார் நிற்கும். அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.